வேதாளமும் விண்கலமும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று சங்கச் செயலாளர் அவர்கள் கேட்டபோது, வழக்கம்போல் காசி யாத்திரை பற்றியோ இரயில்வேயின் பழமை பற்றியோ எழுதுவோம் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு, பார்சல் ஆபீசில் எடை பார்த்து இரசீது எழுதிக் காலங் கழிக்கும் எமக்கு வேறு எதில் பயிற்சி இருக்கப் போகிறது? ஆயினும் ஒரு துறையில் எமக்குள்ள பித்து இக்காலனியில் யாவரும் அறிந்ததே. பூதம், வேதாளம், பறக்கும் தட்டு, இயந்திர மனிதன் ஆகியவை எங்கே அச்சேறினாலும், எங்கே திரையில் ஓடினாலும் அங்கே எம்மைக் காணலாம். எம் மனைவியார் இதனை நோய்களுள் ஒன்றாகவே கணக்கிட்டிருக்கிறார்.

அப்பொருள் பற்றியே இவ்வாண்டு எழுத நேர்ந்ததற்குக் காரணம் உண்டு. சென்ற பொங்கல் விழாவுக்குப் பின் கூடிய நிர்வாகக் குழுவில் நூலகத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. நூலகம் என்றால் இரண்டு அலமாரிகள். அவற்றுள் ஒன்று ஏறக்குறைய கரையானுக்கு உரியது. இடம் போதவில்லை. நாம் யாவரும் மதிக்கும் பெரியவர் ஒருவர் எழுந்து, “சங்க இலக்கியம் இருக்கட்டும், திருமுறைகள் இருக்கட்டும். இந்த அம்புலிமாமா, வேதாளக் கதை, சந்திர மண்டலக் கதை இவற்றையெல்லாம் பழைய பேப்பர்காரனிடம் எடைக்குப் போட்டுவிடலாம். பிள்ளைகளுக்கு அறிவு வளர வேண்டாமா, தம்பி?” என்று எம்மைப் பார்த்தே கேட்டார்கள். “ஐயா, அவற்றால்தானே...” என்று தொடங்கினோம், நாக்குக் குழறிற்று. சபையில் பேசும் வல்லமை எமக்கு என்றுமே இருந்ததில்லை. முடிவு பொதுக்குழுவுக்கு ஒத்திவைக்கப்பட்டது. அன்று வாயால் சொல்ல இயலாததை இங்கே எழுத்தால் சொல்ல முயல்கின்றோம்.

அற்புதக் கதைகளை எரித்தவர்களும் எடைக்குப் போட்டவர்களும் பண்டே உண்டு. குணாட்டியர் பெயரைப் படித்தவர்கள் அறிவார்கள். சாதவாகன மன்னன் அவையில் தோற்ற பந்தயத்தால் வடமொழியையும் பிற மொழிகளையும் துறந்து, பைசாச மொழியில் ஏழு இலட்சம் சுலோகங்களாகப் பெருங்கதை ஒன்றைத் தம் குருதியாலேயே எழுதினார் என்பது ஐதிகம். பிசாசு மொழியில் எழுதிய நூல் வேண்டாம் என்று மன்னன் தள்ளிவிட்டான். மனம் நொந்த புலவர் காட்டில் தீ மூட்டி, ஒவ்வோர் ஏடாக விலங்குகளுக்கும் பறவைகளுக்கும் படித்துக் காட்டி நெருப்பில் இட்டார். அவையோ இரை மறந்து கண்ணீர் வடித்துக் கேட்டுக்கொண்டு நின்றன. உலர்ந்துபோன வேட்டை மாமிசத்தை உண்டு மன்னனுக்கு நோய் வந்தது. காரணம் விசாரித்துக்கொண்டு அவன் ஓடிவந்தபோது ஆறு இலட்சம் எரிந்துவிட்டது. ஓர் இலட்சமே மிஞ்சிற்று. அந்த மிச்சமும் பைசாச மொழியில் இன்று இல்லை. அதன் வழிவந்ததாகக் காசுமீரத்துச் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டில் வடமொழியில் செய்த ‘கதாசரித்சாகரம்’ கிடைத்துள்ளது. விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் சுமக்கும் 25 கதைகளும் அக்கடலில் உள்ளவையே.

தமிழிலும் அதன் கிளை உண்டு. கொங்குவேளிர் பாடிய ‘பெருங்கதை’ அதே மரபில் வந்த உதயணன் கதை. டாக்டர் உ. வே. சாமிநாதையர் அவர்கள் 1924-இல் அதனை அச்சிட்டபோது நூலின் முதலும் இறுதியும் கிடைக்கவில்லை. உதயணன் சிறைப்பட்டது எதனால்? உள்ளே வீரர்கள் மறைந்திருந்த பொறியானை ஒன்றினால். திருத்தக்கதேவரின் சிந்தாமணியிலோ, சச்சந்தன் கருவுற்ற மனைவி விசயையை மயிற்பொறியில் ஏற்றி வானத்தில் அனுப்புகிறான். அது சென்று இறங்கிய சுடுகாட்டில் சீவகன் பிறக்கிறான். இதனைக் காட்டி ‘ஆகாய விமானத்தை நம் முன்னோரே கண்டனர்’ என்று மேடையில் முழங்குவோர் உளர். யாம் அவர்களோடு சேரமாட்டோம். அது கவி கண்ட விமானம். அச்சாணியும் எரிபொருளும் கற்பனையே. ஆனால் பறத்தலை முதலில் கற்பனை செய்தே பார்க்க வேண்டியிருக்கிறது என்பதை மறுப்பார் யார்? சிந்தாமணி நம் முதல் அலமாரியில், கண்ணாடிக் கதவுக்குள் பத்திரமாக இருக்கிறது என்பதையும் இங்கே குறித்து வைக்கின்றோம்.

வடநாட்டில் வாழும் நமக்கு மிக அண்மையில் உள்ள சான்று தேவகிநந்தன் கத்ரி அவர்களுடையது. 1861-இல் பிறந்த இவர் காசியைச் சார்ந்த சகியா, நவுகட் காடுகளைக் குத்தகைக்கு எடுத்தவர். மரக்கணக்குப் பார்க்கச் சென்றவரின் கண்ணில் பட்டவை பாழடைந்த கோட்டைகளும் குகைகளும். குத்தகை போயிற்று, கதை வந்தது. 1888-இல் வெளிவரத் தொடங்கிய ‘சந்திரகாந்தா’வில் நவுகட் இளவரசனும் விஜயகட் இளவரசியும் காதலிக்கிறார்கள் என்பது பெயருக்குத்தான். உண்மையில் கதையை நடத்துவோர் ‘ஐயார்’கள். நொடியில் வேடம் மாறுவோர், மயக்க மருந்தை முகரவைத்து ஆளை மூட்டையாகக் கட்டித் தூக்கிச் செல்வோர். அப்பால் ‘திலிஸ்ம்’ என்னும் மாயக் கோட்டை. அதில் தானே திறக்கும் கதவுகள், ஆளை விழுங்கும் கற்சிலைகள். பிற்காலத்துச் ‘சந்திரகாந்தா சந்ததி’யில் ஆசிரியர் அவற்றுள் பலவற்றுக்கு இயந்திர விளக்கமும் தருகிறார். மாயக் கதை விஞ்ஞானக் கதையாக மெல்லத் திரும்பும் இடம் அது என்பது எம் எண்ணம்.

அதனினும் பெரிய செய்தி வேறு. அக்காலத்தில் காசி வட்டாரத்திலும் அலகாபாத்திலும் கற்றோர் பலர் உருது எழுத்தே அறிந்தவர்கள். ‘சந்திரகாந்தா’வைப் படிப்பதற்காகவே எண்ணற்றோர் இந்தி எழுத்தைக் கற்றனர் என்று இந்தி இலக்கிய வரலாற்றை எழுதிய ஆசாரிய இராமசந்திர சுக்லர் ஒப்புக்கொள்கிறார். அந்நாவல்களை உயர்ந்த இலக்கியமாக அவர் ஏற்கவில்லை. ஏற்காதவரே இந்த ஒன்றை மறைக்காமல் எழுதினார் என்பதனால் இச்சான்றுக்கு வலிமை மிகுதி. திரிவேணிக்குச் செல்வோர் முகல்சராய் வழியாகப் போனால் சுனார் நிலையத்தில் சன்னலோரம் உட்காரவும். அக்கதையில் வரும் சுனார்க் கோட்டை கங்கைக் கரையில் இன்றும் நிற்கிறது. எம் பயணத்தின்போது யாம் காட்டிய கோட்டையைப் பாராமல் மனைவியார் தேநீர்க்காரரைத் தேடிக்கொண்டிருந்தார். அது வேறு கதை.

இனி நாம் வாழும் வங்க நாட்டுக்கு வருவோம். தாவரங்களின் உணர்ச்சியை ஆராய்ந்த ஜகதீச சந்திர போஸ் அவர்கள் 1896-இல் ஒரு கதை எழுதினார். ‘குந்தளின்’ என்னும் கூந்தல் தைலத்தை விற்ற வணிகர் நடத்திய கதைப் போட்டி அது; கதையில் தைலத்தின் பெயர் வர வேண்டும், ஆனால் விளம்பரமாகத் தோன்றக் கூடாது என்பது நிபந்தனை. கல்கத்தாவைத் தாக்கும் என்று அறிவிக்கப்பட்ட புயல் வராமலே போய்விட்டது. விஞ்ஞானிகள் காரணம் தெரியாமல் தலையைச் சொறிகிறார்கள். வழுக்கைக்காகத் தைலப் புட்டியோடு கப்பலில் சென்ற ஒருவன், அலைகளின்மீது எண்ணெயை ஊற்றிக் கடலை அடக்கியிருக்கிறான்! பரிசு அதற்கே கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின், 1921-இல் தம் கட்டுரைத் தொகுதியில் அதனைத் திருத்திச் சேர்த்தார் போஸ். எண்ணெய் நீரின்மேல் பரந்து சிற்றலையை அமைதியாக்கும் என்பது மெய். அந்த மெய்யைப் புயலளவுக்கு இழுத்ததுதான் கதை. ஆராய்ச்சிக்கூடத்தில் அவ்வளவு கண்டிப்பான மனிதர் இப்படி ஒரு குறும்பும் செய்திருக்கிறார் என்று நினைக்குந்தோறும் எமக்கு மகிழ்ச்சி உண்டாகும்.

1905-இல் பேகம் ரொக்கேயா எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ இதற்கு அடுத்தது. வங்கத்து ரங்கபுரி மாவட்டத்தில் பிறந்த இவ்வம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய அக்கதை வெளிவந்த இடம் நம் சென்னை. கமலா சத்தியநாதன் அம்மையார் ஆசிரியராக இருந்த மாதர் பத்திரிகை அதனை ஏற்று அச்சிட்டது. அக்கனவு நாட்டில் ஆடவர் வீட்டினுள் அடங்கிக் கிடக்கின்றனர். பெண்கள் நாட்டை ஆள்கின்றனர். சூரிய வெப்பத்தைச் சேமித்துச் சமைக்கின்றனர், மேகத்திலிருந்து நீரைக் குழாயால் இறக்குகின்றனர், வானவூர்தியில் பறக்கின்றனர். நம் கூரைகளில் சூரியத் தகடு ஏறியது நேற்று. அம்மையார் சூரிய அடுப்பை எழுதியது நூற்றிருபது ஆண்டுக்கு முன். 1911-இல் கல்கத்தாவில் பெண்களுக்குப் பள்ளி திறந்து, வீடு வீடாகச் சென்று மாணவியரைக் கேட்டவர் அவர். கனவுக் கதை எழுதுவோர் கடமையை மறப்பர் என்பது உண்மையானால் அப்பள்ளி ஏது?

திரைக்கு வருவோம். பாரிசில் ஜார்ஜ் மெலியே என்னும் செப்பிடுவித்தைக்காரர் 1902-இல் சந்திர மண்டலத்துக்குப் பயணம் செல்லும் படத்தை எடுத்தார். பீரங்கியில் வைத்துச் சுட்ட குண்டு நிலாவின் கண்ணிலே போய்ச் செருகிக்கொள்ளும் காட்சியைப் பாராதவர் குறைவு. கால் மணி நேரம்கூட ஓடாத படம் உலகையே சுற்றி வந்தது. ஆனால் மெலியேயின் காலம் மாறிற்று, கடன் ஏறிற்று. 1923-இல் கொட்டகையும் பறிபோக, வைக்க இடமில்லாத தம் படச்சுருள்களைத் தாமே தீயிட்டார். பின்னர் அவரைக் கண்டவர்கள் எங்கே கண்டார்கள் தெரியுமா? மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில், பொம்மைக் கடை ஒன்றில், குழந்தைகளுக்கு விளையாட்டுச் சாமான் விற்றுக்கொண்டிருந்தார். இரயில்வேக்காரனாகிய எமக்கு இச்செய்தி நெஞ்சை விட்டு அகல்வதில்லை. நம் பிளாட்பாரத்தில் பொம்மை விற்கும் முதியவரை அதன்பின் யாம் சற்று நின்று பார்ப்பது வழக்கமாயிற்று. கையால் வண்ணம் தீட்டிய அப்படத்தின் ஒரு பிரதி 1993-இல் பார்சிலோனாவில் வெளிப்பட்டது. சுருள்கள் ஒட்டிக் கட்டியாகிக் கிடந்தனவாம். அதனைப் பிரித்துச் சீராக்கி 2011-இல் கான் பட விழாவில் திரையிட்டனர். எடைக்குப் போடாமல் யாரோ ஒருவர் வைத்திருந்திருக்கிறார்!

நம் நாட்டில் தாதாசாகிப் பால்கே அவர்களும் செப்பிடுவித்தை பயின்றவரே. பட்டாணிச் செடி முளைத்து வளர்வதை ஒவ்வொரு சட்டமாகப் பிடித்து 1912-இல் சிறு படமாக்கினார். அப்பயிற்சிதான் 1917-இல் இலங்கையை எரித்தது. 1919-இல் காளியன் தலைமேல் கண்ணனை ஆடவைத்தது. கண்ணனாக ஆடியவள் அவருடைய சிறு மகள்.

தமிழில் இவ்வகைப் படங்களின் வரலாற்றை முழுதும் எழுத இடமில்லை. மூன்றை மட்டும் சொல்வோம். 1952-இல் சேலம் மாடர்ன் தியேட்டர்சார் அமெரிக்கக் கூட்டுறவோடு ‘காடு’ எடுத்தனர். ஆதிகாலத்து மயிர்யானைகள் காட்டில் இன்னும் உலவுவதாகக் கதை. நம் யானைகளுக்கே சடையைப் போர்த்தி நடிக்கவைத்தனர். படத்தில் நன்றாக நடித்தவை அவையே என்பது எம் கருத்து. 1963-இல் ‘கலை அரசி’ வந்தது. வேற்றுக் கிரகத்தார் நம் பூமிக்கு எதைக் கவர வருகிறார்கள்? பொன்னையா, நிலத்தையா? தம் நாட்டாருக்குப் பாட்டுச் சொல்லித்தர ஒரு பாடகியை! பானுமதி அவர்கள் பாடினால் வேறெந்தக் கிரகத்தார்தான் வாரார்? மீட்டு வருபவர் எம். ஜி. ஆர். காட்சியமைப்பு இன்று சிரிப்பை ஊட்டலாம். ஆனால் சங்கீதத்துக்காக ஆள் கடத்தும் கற்பனை நம் மண்ணுக்கே உரியது.

இவ்விரண்டுக்கும் மேலாக நாம் வைப்பது 1957-இல் வெளிவந்த ‘மாயா பஜார்’. கே. வி. ரெட்டி இயக்கம், மார்க்கஸ் பார்ட்லி ஒளிப்பதிவு. கடோத்கசனாக இரங்காராவ் அவர்கள் அமர, இலட்டுகள் தாமே பறந்து வாயில் விழும் காட்சியைத் தாத்தா பார்த்துச் சிரித்தார். எம் மகளும் கைப்பேசியில் பார்த்துச் சிரிக்கிறாள். கணிப்பொறியால் ஆயிரம் கோட்டைகள் இடிந்து விழும் இன்றைய படங்களில் ஒரு கல்லாவது நம் தலைமேல் விழுமோ என்று அச்சம் தோன்றுகிறதா? எமக்குத் தோன்றுவதில்லை. கைவேலையில் பிழை தெரியும்; பிழை தெரிவதால் மனிதன் தெரிகிறான்.

‘மாயா பஜார்’ படத்தின் உரிமையாளர்களாகிய நாகி ரெட்டி, சக்ரபாணி இருவருமே ‘அம்புலிமாமா’வை நிறுவியவர்கள். 1947-ஆம் ஆண்டு சூலைத் திங்களில், நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்னர், தமிழிலும் தெலுங்கிலும் முதல் இதழ் வந்தது. பின்னர் இந்தி, வங்காளி, ஒரியா எனப் பல மொழிகளில் பரவிற்று. வேதாளத்தைத் தோளில் சுமந்து, உருவிய வாளோடு திரும்பிப் பார்க்கும் விக்கிரமனின் சித்திரத்தை வரைந்தவர் கொங்கு நாட்டுக் கிராமத்தில் பிறந்த ஓவியர் சங்கர். 2020-இல் தம் தொண்ணூற்றாறாம் வயதில் மறைந்தார். மறைவுக்குப் பின் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. சோமதேவர் தந்தவை 25 கதைகள். அம்புலிமாமா வேதாளமோ பல்லாண்டுகள் மாதந்தோறும் புதுப்புதுக் கதை சொல்லிற்று. விடை தெரிந்தும் சொல்லாவிடில் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து வேதாளம் மரமேறும். இதைவிடச் சங்கடமான நிலை பொதுக்குழுவில்கூட யாருக்கும் வந்ததில்லை.

இனிச் சொந்தக் கதை. யாம் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் இரயில்வே காலனியிலேயே. பள்ளியில் இந்தி; தெருவில் வங்காளியும் தெலுங்கும்; வீட்டில் தமிழ், அதுவும் பேச்சளவில். தந்தையாரும் பார்சல் ஆபீசில் இருந்தவரே. மாலையில் சிலேட்டுப் பலகையை எடுத்து ‘அ, ஆ’ எழுதச் சொல்வார், யாம் அழுவோம், அவர் அடிப்பார், அம்மா இடையில் வருவார். இரண்டு ஆண்டுகள் இவ்வாறே கழிந்தன. எழுத்து வரவில்லை.

சென்னை மெயிலில் மாதந்தோறும் பத்திரிகைக் கட்டு வரும். ஒருநாள் தந்தையார் அம்புலிமாமா ஒன்றை வாங்கிவந்து போட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிட்டார். படங்களைப் புரட்டிய எமக்கு வியப்பு. பக்கத்து வீட்டு நண்பனிடம் இருந்த இந்திச் ‘சந்தமாமா’வில் அதே படங்கள்! அதே அரசன், அதே பூதம். அதனை இரவல் வாங்கி இரண்டையும் தரையில் அருகருகே விரித்தோம். இந்தியில் ‘ராஜா’ என்று இருக்கும் இடத்தில் தமிழில் எது? ‘வேதாளம்’ எங்கே எங்கே வருகிறது? பென்சிலால் வட்டமிட்டு, எழுத்தெழுத்தாக ஒப்பிட்டு, விடுமுறை முடிவதற்குள் ஒரு கதையை முழுதும் படித்துவிட்டோம். ‘ழ’ என்னும் எழுத்துக்கு மட்டும் இந்தியில் துணை கிடைக்கவில்லை. அதற்கு அம்மாவிடம் போக வேண்டியிருந்தது. அம்மாவோ எழுதப் படிக்கத் தெரியாதவர். யாம் படத்தைக் காட்டிக் கதையைச் சொல்ல, “ஓ, கிழவியா!” என்றார். அந்த ‘ழ’ அப்படிக் கிடைத்தது. அன்று இரவு தந்தையாரை உட்காரவைத்து அக்கதையை உரக்கப் படித்தோம். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுமாதம் முதல் சந்தா கட்டிவிட்டார். அவர் காலமானபின் அப்பிரதிகளைக் கட்டிக் கொணர்ந்து சங்கத்துக்குக் கொடுத்தோம். இரண்டாம் அலமாரியின் கீழ்த் தட்டில் உள்ளவை அவைதாம். பென்சில் வட்டங்களை இன்றும் காணலாம்.

எம் காலத்துப் பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சியும் துணை நின்றது. 1985-இல் தூர்தர்ஷனில் விக்கிரமனும் வேதாளமும் வந்தபோது, கதை முடியுமுன் விடையைச் சொல்லி நண்பர்களை வியக்கவைத்தோம், அம்புலிமாமா உபயம். 1994-இல் ‘சந்திரகாந்தா’ தொடராக வந்தபோது தெருவே வெறிச்சோடும். தமிழில் சுஜாதா அவர்களின் ‘என் இனிய இயந்திரா’வில் வரும் இயந்திர நாய் ஜீனோவை விரும்பாதவர் உளரா? டில்லியிலும் பெங்களூரிலும் பணிபுரிந்தவர் சுஜாதா. நம்மைப்போல் வெளியூரில் வாழ்ந்த தமிழர் என்பதனால் எமக்கு அவர்மீது உறவு முறைப் பாசம் சிறிது கூடுதல்.

கல்கத்தாவின் சத்யஜித் ரே, ஊர்க் குளத்தில் விண்கலம் இறங்குவதாக 1967-இல் ஒரு திரைக்கதை எழுதினார். இலங்கையில் குடியேறியிருந்த ஆர்தர் கிளார்க் ஊக்கினார். அமெரிக்கக் கம்பெனி முன்வந்தது. ஆனால் இடைத்தரகாலும் குழப்பத்தாலும் படம் எடுக்கப்படாமலே நின்றது. எடுக்கப்பட்டிருந்தால் வங்கக் கிராமத்துச் சிறுவன் ஒருவன் உலகத் திரையில் வேற்றுக் கிரகத்தவனோடு விளையாடியிருப்பான். இதை நினைத்து யாம் வருந்தாத ஆண்டு இல்லை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் மாலை, சந்திரயான்-3 நிலவின் தென்துருவத்தருகே இறங்கியதை நம் சங்க மண்டபத்தில் கூடிப் பார்த்தோம் அல்லவா? அத்திட்டத்தின் இயக்குநர் வீரமுத்துவேல் விழுப்புரத்தவர். அவர் தந்தையார் இரயில்வேயில் தொழில்நுட்பப் பணியாளர் என்று தெரிந்ததும் மண்டபமே கைதட்டியது. எல்லாரினும் உரக்கத் தட்டியவர் அந்தப் பெரியவர்தாம். “நம்ம இரயில்வே வீட்டுப் பிள்ளை!” என்று கண் கலங்கினார்கள். வீரமுத்துவேல் சிறு வயதில் எந்தக் கதை படித்தார் என்று யாம் அறியோம். ஆதலால் அதனை வாதமாக வைக்கமாட்டோம். பெரியவரின் கண்ணீரை மட்டும் நினைவூட்டுகின்றோம்.

அம்புலிமாமா 1998-இல் சிலகாலம் நின்று, மீண்டும் வந்து, பின் அறவே நின்றுபோயிற்று. இனிப் புதுப் பிரதி வாங்க வழியில்லை. எம் மகள் எட்டாம் வகுப்பில் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டத் தெரியும், விரைந்து படிக்க வராது. சென்ற கோடை விடுமுறையில் அந்தக் கீழ்த் தட்டிலிருந்து ஒரு கட்டை எடுத்து வந்தாள். பென்சில் வட்டங்களைப் பார்த்து, “அப்பா, இது யார் கிறுக்கியது?” என்றாள். இப்போது பதினொன்றாம் பிரதியில் இருக்கிறாள்.

பொதுக்குழு விழாவுக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. இடம் போதாமையே தடையெனில், எம் குவார்ட்டர்சின் முன்னறையில் ஓர் இரும்பு அலமாரிக்கு இடம் ஒதுக்கத் தயார். சாவி சங்கத்திடமே இருக்கட்டும். கட்டுகளில் சில இதழ்கள் இல்லை. தொடர்கதை நடுவே அறுபடுவதால் பிள்ளைகள் எம்மிடம் வந்து முடிவைக் கேட்கிறார்கள், எமக்கு நினைவில்லை. காலனியில் எந்த வீட்டுப் பரணிலாவது பழைய அம்புலிமாமா இருந்தால், அட்டை கிழிந்திருந்தாலும் சரி, பகல் ஷிப்டில் பார்சல் ஆபீசில் எம்மிடம் கொடுத்தால் பெற்றுக்கொள்வோம். இரசீதும் தருவோம்.